இயர்பட்ஸ் கனெக்ட் ஆகுது, பேட்டரியும் காட்டுது, ஆனா பாட்டு மட்டும் கேக்கல

#1 திருப்பூர்க்காரன் | செவ்வாய், இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன ஆயுதபூஜை தள்ளுபடியில 1,499 ரூபாய்க்கு வாங்கின பட்ஸ். எட்டு மாசமா ஒரு குறையும் இல்ல. அவிநாசியில ஏறி திருப்பூர் கம்பெனிக்குப் போற பஸ்ஸுலதான் நான் பாட்டுக் கேக்கறதே, அதை விட்டா நேரம் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலத்துல இருந்து சத்தம் வரல.

கேஸைத் திறந்தா போன்ல உடனே கனெக்டட்னு வருது. காதுல வெச்சா உள்ள ஒரு பொண்ணு 'கனெக்டட்'னு சொல்லுது, ரெண்டு காதுலயும் தெளிவா கேக்குது. பேட்டரி 80 சதவீதம் காட்டுது. பாட்டைப் போட்டா கோடு நகருது, நேரம் ஓடுது, சத்தம் மட்டும் இல்ல. வால்யூம் முழுசா வெச்சும் பார்த்துட்டேன்.

வாரண்டி இன்னும் இருக்குதுங்க. கடையில கேட்டா வாங்கி அனுப்பி வைக்கறோம், திரும்பி வர பதினஞ்சு நாள் ஆகும்ங்கறாங்க. அதுக்கு முன்னாடி நானே ஏதாவது பார்க்க முடியுமாங்க?

#2 ரீசெட்_ராஜ் | செவ்வாய், இரவு 10:03

ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. போன்ல ஃபர்கெட் குடுங்க. பட்ஸை கேஸ்ல போட்டு பட்டனை 10 செகண்ட் அமுக்குங்க, லைட் மின்னும். போன்ல நெட்வொர்க் ரீசெட்டும் போட்டுருங்க. திரும்ப பேர் பண்ணுங்க, அதான் போனோட ஜோடி சேர்க்கறது. முடிஞ்சுது. அப்பவும் வரலன்னா போனையே ஃபேக்டரி ரீசெட்.

#3 பிட்டும்பைட்டும் | செவ்வாய், இரவு 10:20

ராஜ், பல் வலின்னு வந்தவர் தலையை எடுக்கச் சொல்றீங்க. நெட்வொர்க் ரீசெட் போட்டா அவரோட வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் போயிடும், ப்ளூடூத்ல சேர்த்து வெச்ச எல்லாமும் போயிடும். அது கடைசி.

திருப்பூர்க்காரன், முதல்ல மூணு கேள்வி. பாட்டுப் போடும்போது போன் ஸ்பீக்கர்ல சத்தம் வருதா? வேற யாராவது போன்ல இதே பட்ஸை மாட்டிப் பார்த்தீங்களா? போன் கால் வந்தா பட்ஸ்ல பேச்சு கேக்குதா?

ஏன் கேக்கறேன்னா, 'கனெக்டட்'ங்கிறது ஒத்தைக் கயிறு இல்ல. ஒரே பேருக்குக் கீழ மூணு நாலு கயிறு ஓடுது. பேச்சுக்கு எச்எஃப்பின்னு ஒண்ணு, பாட்டுக்கு ஏ2டிபின்னு ஒண்ணு, காதைத் தட்டிப் பாட்டை நிறுத்தறதுக்கு ஏவிஆர்சிபின்னு ஒண்ணு. இதுல ஏதாவது ஒண்ணு கட்டியிருந்தாலே போன் 'கனெக்டட்'னு சொல்லிடும். பேட்டரி சதவீதம்கூட பெரும்பாலும் பேச்சுக் கயிறு வழியாத்தான் போனுக்கு வருது. அதனால 80 காட்டுதுங்கிறதை வெச்சுப் பாட்டுக் கயிறு நல்லா இருக்குன்னு முடிவு கட்டக் கூடாது. அந்தப் பொண்ணு குரல் பட்ஸுக்குள்ளயே பதிஞ்சு வெச்சது, போன்ல இருந்து வரல. ஆனா அது ரெண்டு காதுலயும் கேக்குதுன்னா ஸ்பீக்கர் உயிரோட இருக்குன்னு அர்த்தம். அது ஒரு நல்ல செய்தி.

#4 நெல்லை அல்வா | செவ்வாய், இரவு 10:41

நானும் இப்படித்தான் ஒரு மணி நேரம் மண்டையப் பிச்சேன் அண்ணாச்சி. கடைசில பார்த்தா, யூட்யூப் ஹால்ல இருக்க டிவிக்கு காஸ்ட் ஆகிட்டு இருக்கு. ஆச்சி அங்க சீரியல் பார்த்துட்டு இருந்தவ, 'ஏல, எவம்ல பாட்டு போட்டது'ன்னு கத்துறா. எனக்கு காதுல ஒண்ணுமில்ல. காஸ்ட் குறி எரியுதான்னு ஒருவாட்டி பாத்துக்கிடுங்க.

#5 திருப்பூர்க்காரன் | புதன், காலை 7:15

எங்க வீட்ல டிவி பழசுங்க, காஸ்ட் எல்லாம் இல்ல.

அக்கா கேட்டதுக்கு: போன் ஸ்பீக்கர்லயும் சத்தம் வரல. சம்சாரம் போன்ல மாட்டினேன், அதுல கணீர்னு பாடுது. கால் இன்னும் பார்க்கல.

ராஜ் சொன்ன மாதிரி ஃபர்கெட் குடுத்து திரும்ப பேர் பண்ணினேன். பாடிருச்சுங்க! நன்றி ராஜ்.

#6 ரீசெட்_ராஜ் | புதன், காலை 7:22

😎 சொன்னேன்ல. இழையை மூடிரலாம்.

#7 திருப்பூர்க்காரன் | புதன், காலை 8:40

மூட வேண்டாமுங்க. பஸ்ஸுல வந்து உக்காந்தேன், மறுபடி ஊமையாயிருச்சு. வீட்ல ஒரு பத்து நிமிஷம் பாடுனதோட சரி.

#8 பிட்டும்பைட்டும் | புதன், காலை 9:30

ரெண்டு விஷயம் தெளிவாயிடுச்சு. சம்சாரம் போன்ல பாடுதுன்னா பட்ஸ் மேல பழி இல்ல, கடைக்கு அனுப்பாதீங்க. பதினஞ்சு நாள் கழிச்சு 'குறை ஒன்றும் இல்லை'ன்னு சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவாங்க.

அடுத்தது. ப்ளூடூத் செட்டிங்ஸ்ல பட்ஸ் பேர் பக்கத்துல இருக்கற பல்சக்கரத்தைத் தொட்டா 'ஃபோன் அழைப்புகள்', 'மீடியா ஆடியோ'ன்னு தனித்தனியா ஸ்விட்ச் இருக்கும். மீடியா ஆடியோ அணைஞ்சிருந்தா பாட்டு பட்ஸுக்குப் போகாது. நிறைய பேருக்கு இதுதான் காரணம். ஆனா அப்படின்னா பாட்டு போன் ஸ்பீக்கர்ல வந்திருக்கணும். உங்களுக்கு அங்கயும் வரல. அப்படின்னா போன் 'நான் ப்ளூடூத்துக்குக் குடுத்துட்டேன்'னு நம்பிட்டு இருக்கு. குடுத்தது எங்க காணாம போகுதுங்கிறதுதான் கேள்வி.

என் சந்தேகம் வால்யூம் மேல. ஆண்ட்ராய்டு 6ல இருந்து போன் வால்யூமும் பட்ஸ் வால்யூமும் ஒரே சுருதியில நகர்ற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கு. ஏதோ ஒரு பக்கம் பூஜ்யத்துல சிக்கிட்டா, போன் முழுசா காட்டும், காதுல கிசுகிசுகூட இருக்காது. 'போனைப் பற்றி'ங்கிற பக்கத்துல பில்டு எண்ணை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதுக்குள்ள இந்த ஏற்பாட்டை, அதாவது அப்சல்யூட் வால்யூமை, நிறுத்தற ஸ்விட்ச் இருக்கும், போட்டுப் பாருங்க. அங்கயே கோடெக்கையும், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பற முறையையும், எஸ்பிசிக்கு மாத்திப் பாருங்க. எஸ்பிசி எல்லா ப்ளூடூத் ஹெட்போனும் கட்டாயம் புரிஞ்சுக்க வேண்டிய மொழி, எல்டிஏசி, ஏஏசி எல்லாம் அப்படி இல்ல. மத்ததுல பேச்சுவார்த்தை முறிஞ்சாலும் எஸ்பிசில ஓடிடும்.

#9 யாழ்ப்பனை | புதன், முற்பகல் 11:05

எனக்கும் சத்தம் இல்லாமல் போனது, ஆனால் ஒரு காதில மட்டும்தான். உங்கட விசயம் வேற போலக் கிடக்கு. இது முடியட்டும், பிறகு என்ர கேள்வியைப் போடுறன்.

#10 திருப்பூர்க்காரன் | புதன், மதியம் 1:35

சாப்பாட்டு நேரத்துல ரெண்டும் பண்ணிட்டேனுங்க. ஏழு தடவை தட்டச் சொன்னப்ப விளையாடறீங்கன்னு நினைச்சேன், உண்மையிலயே திறந்துச்சு. மீடியா ஆடியோ ஆன்ல தான் இருக்கு. வால்யூம் ஸ்விட்ச் போட்டாச்சு. எஸ்பிசின்னு மாத்தினா தானா பழையபடி ஆயிருது, நிக்கவே மாட்டேங்குது. சத்தம் இல்ல.

பக்கத்து சீட்டுத் தம்பி பார்த்துட்டு 'அண்ணா, போன் மாத்துங்க'ங்கறான்.

#11 சோல்டர் சித்தப்பா | புதன், மதியம் 2:10

காலையில இருந்து கடையில கூட்டம், இப்பதான் படிச்சேன்.

தம்பி, ஒரே ஒரு கேள்வி. சனிக்கிழமை உங்க வீட்டுக்குப் புதுசா என்ன வந்துச்சு?

#12 ரீசெட்_ராஜ் | புதன், மதியம் 2:14

சித்தப்பா ஜாதகம் பார்க்க ஆரம்பிச்சுட்டார்.

#13 சோல்டர் சித்தப்பா | புதன், மதியம் 2:31

ஜாதகம் இல்லடா. எட்டு மாசம் ஒழுங்கா ஓடுன சாமான் ஒரு நாள்ல நின்னா, சாமான் செத்திருக்கணும், இல்ல சுத்துவட்டாரத்துல ஏதோ மாறியிருக்கணும். சாமான் சாகலைன்னு பிட்டும்பைட்டும் பொண்ணு கண்டுபிடிச்சு சொல்லிடுச்சு. அப்ப மாறுனது என்ன? புது கார், புது ஸ்பீக்கர், போன்ல அப்டேட், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. திரும்பப் பேர் பண்ணினா பத்து நிமிஷம் பாடுதுன்னாரே, எனக்கு அதான் உறுத்துது. கெட்டுப்போனது பத்து நிமிஷம் பாடாது. யாரோ பத்து நிமிஷம் கழிச்சு வந்து புடுங்கிட்டுப் போறாங்க.

#14 திருப்பூர்க்காரன் | புதன், மாலை 6:20

புதுசா ஒண்ணும் வரலீங்க ஐயா. அப்டேட்டும் போடல. சனிக்கிழமை மச்சான் வீட்ல விசேஷம், போயிட்டு வந்தோம், அவ்வளவுதான்.

#15 பிட்டும்பைட்டும் | புதன், மாலை 6:48

கால் டெஸ்ட் இன்னும் பண்ணலையே? பட்ஸை மாட்டிக்கிட்டு யாரையாவது உங்களுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. போனைக் காதுக்குக் கொண்டு போகாதீங்க, எடுத்துட்டு அப்படியே மேசையில வையுங்க. பேச்சு எங்க இருந்து வருதுன்னு மட்டும் கவனிங்க.

#16 திருப்பூர்க்காரன் | புதன், இரவு 8:05

அக்கா, சிரிக்காதீங்க.

அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். போனை மேசையில வெச்சுட்டு எடுத்தேன். காதுல ஒண்ணும் இல்ல. ஆனா அம்மா பேசறாங்க. எங்கிருந்துன்னு சுத்திமுத்தி பார்த்தேன். 'சாப்ட்டியா கண்ணு'ன்னு என்ர கையில இருந்து கேக்கறாங்க.

வாட்ச்சுங்க. சனிக்கிழமை விசேஷத்துல மச்சான் ஒரு ஸ்மார்ட் வாட்ச் குடுத்தாரு. நடக்கறதை எண்ணும்னு கட்டிக்கிட்டேன். அது பேசும்னு எனக்கு எப்படித் தெரியும்?

#17 நெல்லை அல்வா | புதன், இரவு 8:09

😂😂😂 ஐயோ வயிறு வலிக்கு அண்ணாச்சி. அம்மா கையில!

#18 சோல்டர் சித்தப்பா | புதன், இரவு 8:15

புதுசா ஒண்ணும் வரலையாம்.

#19 பிட்டும்பைட்டும் | புதன், இரவு 8:50

நான் கோட்டை விட்டுட்டேன். 'ப்ளூடூத்துக்குக் குடுத்துட்டேன்'னு போன் நம்புதுன்னு நானே எழுதிட்டு, எந்த ப்ளூடூத்துக்குன்னு கேக்காம வால்யூம், கோடெக்னு உள்ள போயிட்டேன். எஸ்பிசி நிக்காததும் இதனாலதான். டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல தெரியற கோடெக் அந்த நேரத்துல பாட்டை வெச்சிருக்கற சாதனத்தோடது. நீங்க மாத்திட்டு இருந்தது வாட்ச்சோட கோடெக்கா இருக்கும். சித்தப்பா கேள்விதான் சரியான கேள்வி.

நடந்தது இதுதான். இந்த மாதிரி காலிங் வாட்ச்சுகளுக்கு ரெண்டு முகம். நடையை எண்றது, மெசேஜ் காட்டறது எல்லாம் லோ எனர்ஜி ப்ளூடூத்ல போகும், 2010ல ப்ளூடூத் 4.0ல வந்த சிக்கன வழி அது. பேசறதுக்கு மட்டும் பழைய ப்ளூடூத்ல இன்னொரு தடவை பேர் ஆகும். அதனாலதான் போன் லிஸ்ட்ல ஒரே வாட்ச் ரெண்டு பேர்ல இருக்கும், ஒண்ணு வாட்ச் பேர், இன்னொண்ணு அதே பேரோட பின்னாடி 'ஆடியோ' இல்லன்னா 'கால்'னு ஒட்டியிருக்கும். அந்த ரெண்டாவது ஆள் போன்கிட்ட போய் 'நானும் ஸ்பீக்கர்தான், பாட்டும் எனக்கே குடு'ங்கறான்.

ஆண்ட்ராய்டுல ரெண்டு ஆடியோ சாதனம் சேர்ந்திருந்தா, பொதுவா கடைசியா சேர்ந்தவன்தான் பாட்டுக்குச் சொந்தக்காரன். மத்தவன் கனெக்டட்னு காட்டிட்டு சும்மா உக்காந்திருப்பான். நீங்க பட்ஸைப் புதுசா பேர் பண்ணினதும் பட்ஸ் கடைசி ஆள், பாடிச்சு. அப்புறம் போனை மேசையில விட்டுட்டு குளிக்கப் போயிருப்பீங்க, தூரம் அதிகமாகி வாட்ச் அறுந்து, திரும்ப வந்ததும் தானா ஒட்டிக்கிச்சு. இப்ப அது கடைசி ஆள்.

#20 திருப்பூர்க்காரன் | புதன், இரவு 9:12

அக்கா, குளிக்கப் போகல, கீழ வீட்டு மோட்டாரு போடப் போனேன். மத்ததெல்லாம் நீங்க கூட இருந்து பார்த்த மாதிரியே சொல்றீங்க.

ஆனா வாட்ச்சுலயும் பாட்டு கேக்கலீங்களே? அம்மா குரல் மட்டும் வந்துச்சே?

#21 பிட்டும்பைட்டும் | புதன், இரவு 9:25

பேச்சு வால்யூம் வேற, பாட்டு வால்யூம் வேற. வாட்ச்சுல மீடியா வால்யூமோ சைலண்டோ பார்த்துட்டுச் சொல்லுங்க.

சரி பண்றது: ப்ளூடூத் லிஸ்ட்ல 'ஆடியோ'ன்னு ஒட்டின வாட்ச் பேர், பல்சக்கரம், அங்க மீடியா ஆடியோவை மட்டும் அணைங்க. ஃபோன் அழைப்புகளை உங்க இஷ்டம். நடை எண்றது கெடாது, அது வேற வழி.

அவசரத்துக்கு இன்னொரு வழி இருக்கு. வால்யூம் பட்டனை அமுக்கினாலோ மேல இருந்து நோட்டிஃபிகேஷனை இறக்கினாலோ, பாட்டு ஓடுற பெட்டியில எந்தச் சாதனத்துல ஓடுதுன்னு ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அதைத் தொட்டா லிஸ்ட் வரும், பட்ஸைத் தொட்டா மாறிடும். இந்த மாதிரி யார் கேட்டாலும் முதல்ல அங்க பார்க்கச் சொல்லணும்னு இனிமே எனக்கே நான் சொல்லிக்கறேன்.

#22 திருப்பூர்க்காரன் | புதன், இரவு 9:44

பாடுதுங்க!! வாட்ச்சுல 'உறக்கப் பயன்முறை'ன்னு ஒண்ணு ஆன்ல இருந்துது, அதுல சத்தம் பூஜ்யம். எனக்குத் தெரியாம மச்சான் பையன் என்னமோ நோண்டியிருக்கான்.

#23 தூக்கம்வரல | வியாழன், காலை 10:15

இந்த இழையிலயே கேட்டுக்கறேன், தனியா தொடங்கினா யாரும் வர மாட்டாங்க. எனக்கு லேப்டாப்ல. விண்டோஸ் 10, ஆபீஸ் குடுத்தது, மாத்த முடியாது. பாட்டு ஓடிட்டு இருக்கும், மீட்டிங்ல சேர்ந்த நொடியில பாட்டு செத்துடும். மீட்டிங்ல பேசறவங்க குரலும் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி. மீட்டிங் முடிஞ்சா சில சமயம் பாட்டு திரும்புது, சில சமயம் பட்ஸை அணைச்சுப் போட்டாத்தான் வருது. மீட்டிங் நேரத்துல எதுக்குப் பாட்டுன்னு கேக்காதீங்க, மழைச் சத்தம் போட்டுக்குவேன்.

#24 பிட்டும்பைட்டும் | வியாழன், காலை 10:58

இது பட்ஸோட குத்தமும் இல்ல, லேப்டாப்போட குத்தமும் இல்ல, பழைய ப்ளூடூத்தோட பிறவிக் குணம். நான் முன்னாடி சொன்ன பாட்டுக் கயிறு ஒருவழிப் பாதை. நல்ல சத்தம், ரெண்டு காதுக்கும் தனித்தனியா, ஆனா மைக் கிடையாது. மைக் வேணும்னா பேச்சுக் கயிறுக்கு மாறணும். அது போன் பேசறதுக்குன்னு செஞ்சது. ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம், பழைய கோடெக்ல சத்தத்தை நொடிக்கு 8,000 தடவைதான் அளந்து எடுக்கும், கொஞ்சம் புதுசுல 16,000. சிடி பாட்டுக்கு 44,100. கிணறு எங்கிருந்து வருதுன்னு இப்பப் புரியுதா?

விண்டோஸ் 10 இந்த ரெண்டு கயிறையும் ரெண்டு தனிச் சாதனமா காட்டும். ஒண்ணு ஸ்டீரியோ ஹெட்போன்ஸ், ஒண்ணு ஹேண்ட்ஸ் ஃப்ரீ ஹெட்செட். மீட்டிங் மைக்கைத் தொட்ட உடனே ஹேண்ட்ஸ் ஃப்ரீ உயிர் பெறும், ஸ்டீரியோவுக்கு அனுப்பின மழை வாயை மூடிக்கும். விண்டோஸ் 11ல ரெண்டையும் ஒரே பேராக்கிட்டாங்க.

வழி சுலபம். மீட்டிங் ஆப்புக்குள்ள மைக்கா லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுங்க, ஸ்பீக்கரா ஸ்டீரியோ ஹெட்போன்ஸ். பட்ஸ் மைக்கை யாரும் தொடலன்னா பேச்சுக் கயிறு எழுந்திரிக்காது. லேப்டாப் மைக் மோசம்னா நூறு இருநூறு ரூபாய்க்கு ஒயர் மைக் கிடைக்குது.

#25 தூக்கம்வரல | வியாழன், மதியம் 12:30

வேலை செய்யுது. குரலும் தெளிவாயிடுச்சு. ஆனா இப்ப லேப்டாப் மைக்ல என் கீபோர்டு சத்தம் எல்லாருக்கும் கேக்குதாம். மேனேஜர் 'என்னப்பா மும்முரமா டைப் பண்றே'ன்னார். சந்தோஷமாத்தான் சொன்னார்.

#26 பெங்குவின்_பக்தர் | வியாழன், மதியம் 12:41

லினக்ஸ் ஆளுங்க யாராவது தேடி வந்தா: பட்ஸ் சேர்ந்ததும் சில சமயம் பேச்சுப் பயன்முறையிலயே நின்னுடும், இல்ல 'ஆஃப்'ல. பல்ஸ் ஆடியோ வால்யூம் கண்ட்ரோலைத் திறந்து, கடைசிப் பக்கத்துல பட்ஸுக்கு ஏ2டிபி ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்க. பல்ஸ் ஆடியோவுக்குப் பதிலா பைப்வயர் வந்தப்புறமும் அதே ஜன்னல் வேலை செய்யும்.

#27 ரீசெட்_ராஜ் | வியாழன், மதியம் 12:55

லினக்ஸ்காரங்க வந்தா இழை நூறு பக்கம் போகும், தாங்காது சாமி.

#28 யாழ்ப்பனை | வியாழன், பின்னேரம் 4:20

சரி, இப்ப என்ர முறை. ஐயா, அக்கா, ரெண்டு பேரும் பாருங்கோ.

இடது பக்கம் நல்லாக் கேக்குது. வலது பக்கம் கனெக்ட் எண்டு சொல்லுறதே இல்லை. போனில பார்த்தால் ஒரே பெயர் ரெண்டு தரம் கிடக்கு, ஒண்டுக்குப் பின்னால 'ஆர்' எண்டு. முந்தி அப்பிடி இருக்கேல்லை. நாங்கள் இருக்கிறது கடற்கரைக்குக் கிட்ட, வாங்கி ஒண்டரை வருசம்.

#29 சோல்டர் சித்தப்பா | வியாழன், இரவு 8:30

கேஸைத் திறந்து வலது பட்ஸ் உக்கார்ற குழியைப் பாருங்கம்மா. ரெண்டு மூணு சின்ன ஊசி மாதிரி இருக்கும், அழுத்துனா அமுங்கும். பட்ஸ் அடியில அதுக்கு நேரா புள்ளிகள் இருக்கும். அது கறுத்தோ பச்சை பிடிச்சோ இருந்தா உப்புக்காத்தும் வேர்வையும் சேர்ந்து பண்ணின வேலை. சார்ஜே ஏறாது. சார்ஜ் இல்லாத பட்ஸ் எதைக் கனெக்ட் பண்ணும்?

மருந்துக்கடையில ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கிடைக்கும். பட் குச்சியில நனைச்சு, நல்லாப் பிழிஞ்சுட்டு, ஈரம் சொட்டாம துடைங்க. ஊசியை வளைச்சுடாதீங்க. காய விட்டு ரெண்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க. தேங்காய் எண்ணெய் தடவாதீங்க, போன மாசம் ஒருத்தர் தடவிட்டு வந்தார்.

பேர் ரெண்டா தெரியறது, ரெண்டு பட்ஸும் ஒண்ணையொண்ணு மறந்து போச்சுன்னு அர்த்தம். ஒரு பக்கம் சார்ஜ் இல்லாம பல நாள் கிடந்தா சில மாடல்ல இப்படி ஆகும். போன்ல ரெண்டு பேரையும் ஃபர்கெட் குடுத்துட்டு, போன் ப்ளூடூத்தை அணைச்சு வெச்சுட்டு, ரெண்டையும் கேஸ்ல போட்டு ரீசெட் பண்ணுங்க. மொதல்ல அது ரெண்டும் சேரட்டும். அப்புறம் போன்.

#30 ரீசெட்_ராஜ் | வியாழன், இரவு 8:36

ரீசெட்! ரீசெட்! சித்தப்பா வாயாலயே வந்துடுச்சு!

#31 சோல்டர் சித்தப்பா | வியாழன், இரவு 8:41

வேண்டிய எடத்துல வேணும்டா. நீ சளிக்கும் அதைத்தான் எழுதித் தர்றே.

#32 நெல்லை அல்வா | வெள்ளி, காலை 9:00

கடைசி நோயாளி நான். என் கேஸு ரெண்டு பக்கமும் கேக்கும், ஆனா வலது பக்கம் ரொம்ப மெல்லிசா, அடுத்த தெருவுல பாடுத மாதிரி. மாத்தி இடது காதுல வச்சாலும் அதே பட்ஸ்தான் மெல்லிசா இருக்கு. அப்ப என் காது நல்லாருக்கு.

#33 சோல்டர் சித்தப்பா | வெள்ளி, காலை 10:10

காதை மாத்திப் போட்டுப் பார்த்தீங்க பாருங்க, கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அது தோணாது.

போன்ல அக்சஸபிலிட்டி பக்கத்துல இடது வலது சமநிலைக் கோடு இருக்கும், அது நடுவுல இருக்கான்னு பாருங்க. குழந்தை கையில போனைக் குடுத்த வீட்டுல அது ஓரமா போய்க் கிடக்கும். நடுவுலதான் இருக்குன்னா ரப்பரைக் கழட்டுங்க. உள்ள வலை மாதிரி இருக்கே, அதுல வெளிச்சம் பட மஞ்சளா தெரியுதா?

#34 நெல்லை அல்வா | வெள்ளி, காலை 10:18

...தெரியுது. சொல்லவே கூச்சமா இருக்கு.

#35 சோல்டர் சித்தப்பா | வெள்ளி, காலை 10:45

கூச்சம் என்ன, எல்லார் காதுலயும் இருக்கறதுதான். கடைக்கு 'ஸ்பீக்கர் போச்சு'ன்னு வர்ற ஒத்தைப் பக்க கேஸ்ல எனக்கு அதிகமா கிடைக்கறது காதழுக்குதான். ஸ்பீக்கர் பாடுது, வெளிய வர வழி இல்ல.

வலை கீழ பார்க்கற மாதிரி பிடிங்க, மேல பார்த்தா அழுக்கு உள்ளதான் விழும். காஞ்ச, மெத்துமெத்துன்னு இருக்கற பிரஷ், குழந்தைங்க பல்லு விளக்கறது ஒண்ணு புதுசா வாங்கிக்குங்க. லேசா தேச்சு உதிருங்க. ஊசி, குண்டூசி, ஊக்கு எதையும் உள்ள விடாதீங்க, வலை கிழிஞ்சா அதுக்குப் பின்னாடி ஸ்பீக்கர் ஜவ்வுதான். வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் போகும். சுவத்துல படம் ஒட்டற நீலக் களிமண் பசை இருந்தா உருட்டி வலை மேல மெதுவா ஒத்தி எடுங்க, ஒட்டிக்கிட்டு வரும். ரப்பரை மட்டும் தனியா சோப்புத் தண்ணியில கழுவலாம். காஞ்சப்புறம் மாட்டுங்க.

#36 யாழ்ப்பனை | சனி, காலை 8:05

வலது பக்கம் கதைக்குது ஐயா! புள்ளி முழுக்கப் பச்சை. துடைச்சு, சார்ஜ் போட்டு, ராஜ் தம்பியின்ர மந்திரத்தையும் சொல்லிச் சேர்த்தன். இப்ப ஒரே பெயர்தான் கிடக்கு. ஆனால் வலது பக்கச் சார்ஜ் இடதை விடக் கெதியா இறங்குது.

#37 சோல்டர் சித்தப்பா | சனி, காலை 8:50

அது அப்படித்தான் இருக்கும்மா. உள்ள இருக்கறது கடுகளவு பேட்டரி, பல நாள் காலியா கிடந்ததுல தேஞ்சிருக்கும். அதை மாத்தித் தர்றேன்னு யாராவது சொன்னா சட்டுன்னு நம்பாதீங்க, பெரும்பாலான பட்ஸை உடைக்காம திறக்கற மாதிரி செய்யறதில்ல. ஓடற வரைக்கும் ஓட்டுங்க. வாரத்துக்கு ஒரு தடவை புள்ளியைத் துடைங்க.

#38 நெல்லை அல்வா | சனி, மாலை 5:30

கேக்கு. இத்தனை நாளும் இந்தப் பாட்டுல வலது பக்கம் ஒரு வயலின் இருக்குன்னே எனக்குத் தெரியாது.

#39 திருப்பூர்க்காரன் | திங்கள், காலை 8:25

பஸ்ஸுல இருந்து எழுதறேனுங்க. அஞ்சு நாளா ஒரு தடங்கலும் இல்லாம பாடுது.

நேத்து மச்சான் வீட்டுக்கு வந்தாரு. வாட்ச்சைக் காட்டி 'இதுல பாட்டும் கேக்கலாம் மாப்ள, தெரியுமா?'ன்னாரு. தெரியும் மச்சான்னு சொல்லிட்டேன்.